பாண்டிக்குப் போகும் கண்கள்

பாண்டிச்சேரிக்குக் காரில் போகிறவர்களைப் போலக் கண் படைத்தவர்கள் வேறு எவரும் இல்லை. வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததும் சேலம், ஆத்தூர், சின்னசேலம் பக்கமிருந்து கிழக்கே வரிசை கட்டி வரும் வண்டிகளைக் கள்ளக்குறிச்சியில் நின்று பார்த்தவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள். எங்கள் ஊரிலிருந்து கிளம்பி அந்த வரிசையில் சேர்ந்துகொள்கிற வண்டிகளும் நிறைய. ஓட்டுகிறவரைத் தவிர எல்லோர் கையிலும் போன். "சும்மா ஊர் சுத்தப் போகலண்ணே, ஹெரிடேஜ் பார்க்கப் போறோம்" என்று டீக்கடையில் சொல்லிவிட்டுத்தான் ஏறுகிறார்கள். பழைய ஊர், பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர், கடலோர ஊர். அதைப் பார்ப்பதற்காகவே காசு செலவழித்து, தூக்கம் கெட்டு, வாரத்தில் கிடைக்கிற இரண்டு நாளையும் கண்ணுக்கே நேர்ந்துவிட்ட மனிதர்கள். இவர்களைப் புகழாமல் வேறு யாரைப் புகழ்வது?

முதலில் உங்கள் வேகத்தைச் சொல்ல வேண்டும். கள்ளக்குறிச்சியிலிருந்து புதுச்சேரி நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். இரண்டரை மணி நேரத்தில் போய்விடுகிறீர்கள். கிளம்பிக் கால் மணி நேரத்துக்குள் தியாகதுருகம் மலை எதிரே எழுந்து நிற்கிறது. மொட்டைப் பாறை, அதன் உச்சியில் கோட்டை. நீங்கள் பார்க்கப் போகும் ஊரின் தலையெழுத்தோடு தன் தலையெழுத்தையும் சேர்த்து எழுதிக்கொண்ட கோட்டை அது. 1760இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை நெருக்கியபோது, பிரெஞ்சுத் தளபதி லாலி மைசூரின் ஹைதர் அலியிடம் படை உதவி கேட்டார். அதற்கு விலையாகத் தூக்கிக் கொடுத்தவற்றில் தியாகதுருகமும் ஒன்று. உதவிக்கு வந்த படை நிலைக்கவில்லை. 1761 ஜனவரியில் பட்டினி தாங்காமல் புதுச்சேரி சரணடைந்தது. அடுத்த மாதமே தியாகதுருகமும் ஆங்கிலேயர் கைக்குப் போனது. வென்றவர்கள் புதுச்சேரியின் மதிலையும் மாளிகைகளையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். நீங்கள் சாய்ந்து நின்று படம் எடுக்கப் போகும் சுவர்கள் அந்த இடிபாட்டுக்குப் பிறகு எழுந்தவை. இத்தனை கதையையும் வைத்துக்கொண்டு சாலையோரம் நிற்கும் மலையைத் தலை திருப்பாமல் கடந்துபோக அசாத்தியமான மன உறுதி வேண்டும். அது உங்களிடம் இருக்கிறது.

அடுத்தது உங்கள் அடக்கம். உளுந்தூர்பேட்டை தாண்டி விழுப்புரத்தை நெருங்கும்போது தென்பெண்ணைப் பாலம் வருகிறது. "ஆத்துல தண்ணி இருக்கா?" என்று ஒருவர் கேட்கிறார். "இல்ல, மணல்தான்" என்று இன்னொருவர் சொல்கிறார். ஓர் ஆற்றைப் பற்றி இவ்வளவு போதும் என்று நிறுத்திக்கொள்கிறீர்கள். அந்த மணலுக்கு மேற்கே, எங்கள் மாவட்டத்துத் திருக்கோவிலூரில், ஆற்றின் நடுவே கபிலர் குன்று நிற்கிறது. நண்பன் பாரி போரில் மாண்டபின் அவன் மகளிர் இருவரையும் அழைத்துக்கொண்டு ஊர் ஊராக நடந்தவர் கபிலர். அந்தப் பெண்களுக்கு ஒரு வழி செய்துவிட்டு இந்த ஆற்றங்கரையில் உயிரை விட்டார். அவர் தீப்புகுந்ததை இராசராசன் காலத்துக் கல்வெட்டு ஒன்று வீரட்டானேசுவரர் கோவிலில் சொல்கிறது. தமிழில் பயணம் என்று பேசத் தொடங்கினால் முதலில் நினைக்க வேண்டிய பயணங்களில் ஒன்று அது. அருகிலேயே ஜம்பையில் அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயர் பொறித்த தமிழி எழுத்து பாறையில் இருக்கிறது. 1981இல் அது கண்டெடுக்கப்பட்டபோது, அசோகன் கல்வெட்டில் வரும் சத்தியபுத்திரர் யார் என்ற நெடுநாள் கேள்விக்கு விடை கிடைத்தது. ஈராயிரம் வருசத்துப் பெயரை அடுத்த வீட்டில் வைத்துக்கொண்டு, முந்நூறு வருசத்துத் தெருவைத் தேடி அடக்கமாகப் போகிறீர்கள்.

விழுப்புரத்திலிருந்து கிழக்கே திரும்பியதும் உங்கள் பொறுமை இன்னும் கடினமான சோதனைகளைத் தாங்குகிறது. திருபுவனை வருகிறது. அங்கே வரதராசப் பெருமாள் கோவிலில் முதலாம் இராசாதிராசன் காலத்துக் கல்வெட்டு, 1048ஆம் ஆண்டைச் சேர்ந்தது, 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் இருந்த ஒரு கல்விக்கூடத்துக்குக் கணக்கு எழுதி வைத்திருக்கிறது. யாருக்கு எவ்வளவு நெல் என்பதுவரை விவரம். இன்று அதே சாலையின் இருபுறமும் கல்லூரிகள். பழையதும் புதியதும் உங்கள் கண்ணாடியில் ஒரே வேகத்தில் பின்னால் போகின்றன.

பிறகு வில்லியனூர் வட்டாரம். அங்கே உள்ளடங்கி இருக்கிறது கீழூர். 1954 அக்டோபர் 18 அன்று பிரெஞ்சிந்தியாவின் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் அந்தச் சிற்றூரில் கூடினார்கள். இந்தியாவோடு சேர 170 பேர் வாக்களித்தார்கள், 8 பேர் மறுத்தார்கள். நவம்பர் 1இல் நிர்வாகம் கைமாறியது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16 வரை காத்திருந்தது. ஆண்டுதோறும் அந்த ஆகஸ்ட் நாளில் அரசு அங்கே கொடியேற்றுகிறது. மற்ற நாளெல்லாம் நினைவிடம் உங்களைத் தொந்தரவு செய்வதில்லை, நீங்களும் அதைத் தொந்தரவு செய்வதில்லை. பிரெஞ்சுக் கலாசாரத்தைப் பார்க்க வருகிறவர்கள், பிரெஞ்சுக்காரர் போன இடத்தைப் பார்க்காமல் விடும் பெருந்தன்மை சாதாரணமானதல்ல.

ஊருக்குள் வந்துவிட்டீர்கள். இப்போது உங்கள் தெளிவைப் புகழ வேண்டும். எதற்காக வந்தோம் என்பதில் உங்களுக்குக் குழப்பமே இல்லை. ஓட்டல் அறையில் பையை வைப்பதற்கு முன்பே ஒருவர் இறங்கிப் போகிறார். எந்தக் கடையில் எந்தச் சரக்கு, தமிழ்நாட்டு விலைக்கும் இங்கத்து விலைக்கும் எவ்வளவு வித்தியாசம், ஒரு பெட்டியாக வாங்கினால் எவ்வளவு மிச்சம் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். இரண்டு ஆட்சிகளின் ஆயத்தீர்வை வேறுபாட்டைப் பொருளாதாரம் படித்தவர்கூட இவ்வளவு துல்லியமாகச் சொல்லமாட்டார். திரும்பும் வழியில் தமிழ்நாட்டு மதுவிலக்குப் போலீசார் எந்த முனையில் நிற்பார்கள், ஸ்டெப்னிக்குக் கீழே எத்தனை பாட்டில் அடங்கும், பிள்ளையின் பள்ளிப் பைக்குள் எத்தனை மறையும் என்பதும் அவருக்குத் தெரியும். பின் இருக்கையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை இந்தப் பாடத்தைக் கவனமாகக் கேட்டுக்கொள்கிறது. புதுச்சேரி தரும் வரலாற்றுக் கல்வியில் இந்த ஒரு பகுதி மட்டும் தலைமுறை தாண்டி நிற்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

காலையில் உங்கள் அழகுணர்ச்சி விழித்துக்கொள்கிறது. ஒயிட் டவுன். மஞ்சள் பூசிய சுவர், வெள்ளைக் கோடு, காகிதப் பூக் கொடி, நீல நிறக் கதவு. துய்மா வீதியில் அப்படி ஒரு வீட்டு வாசலில் ஓர் இளம்பெண் படியில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். கூட வந்தவன் முட்டி போட்டுப் படம் எடுக்கிறான். தோள் கொஞ்சம் இந்தப் பக்கம், தலை கொஞ்சம் அந்தப் பக்கம். பின்னால் இன்னும் மூன்று ஜோடி முறைக்காகக் காத்திருக்கிறார்கள். கதவு உள்ளிருந்து ஒரு விரற்கடை திறக்கிறது. கையில் துணிப்பை வைத்திருக்கும் ஒரு பாட்டி எட்டிப் பார்த்து, படம் முடியட்டும் என்று நிற்கிறார். முடியவில்லை. "ஒரு நிமிஷம் பாட்டி, ஃபிரேம்ல வர்றீங்க" என்கிறான் அவன். பாட்டி கதவைச் சாத்திக்கொள்கிறார். அவர் வாசல், அவர் படி, அவர் காய்கறி வாங்கும் நேரம். ஆனாலும் படத்தில் அவர் விழவில்லை. ஒரு பழைய ஊரின் வீட்டை, அதில் வாழும் ஆளைக் கழித்துவிட்டுப் பார்க்கக் கற்றுக்கொண்ட கண்ணை எப்படிப் பாராட்டாமல் இருக்க முடியும்?

ஔவை காஞ்சியில் தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்த்த கதை நம் எல்லோருக்கும் பள்ளியில் சொல்லித்தந்தது. இங்கே ஆயுதங்கள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிப் பளபளக்கின்றன; எங்கள் அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்திக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று அவர் புகழ்ந்து சொன்னார். புதுச்சேரியையும் அந்த ஔவையின் கண்ணால்தான் பார்க்க வேண்டும். பளபளப்பவை எவை, உழைத்து உடைந்தவை எவை?

பளபளப்பவற்றில் ஒன்றாகப் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் சிலை கடற்கரையில் நிற்கிறது. அதன் முன் படம் எடுத்துக்கொள்கிறீர்கள். 1748இல் ஆங்கிலேயர் முற்றுகையிட்டிருந்த நேரத்தில், அவர் ஆட்சியில்தான் ஊரின் வேதபுரீசுவரர் கோவில் இடிக்கப்பட்டது. அவருக்குத் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை வாய் திறக்க முடியாத வேதனையோடு அதை நாட்குறிப்பில் எழுதி வைத்தார். 1736 தொடங்கி 1761 வரை, கப்பல் வந்ததும் சரக்கு விலையும் அதிகாரிகளின் சூழ்ச்சியும் மக்களின் பயமும் நாள்வாரியாகப் பதிவான அந்தத் தமிழ் நாட்குறிப்புக்கு இணையான ஒன்று அந்த நூற்றாண்டில் நம்மிடம் இல்லை. அதை எழுதியவரின் மாளிகை ஊரின் தமிழர் பகுதியில், பெரிய வாய்க்காலுக்கு மேற்கே இருக்கிறது. கருப்பர் நகரம் என்று பிரெஞ்சுக்காரர்கள் ஒதுக்கி வைத்த பகுதி அது. ஆட்சி போய் எழுபது வருசமாகியும் அந்த வாய்க்காலைக் கோடாக மதித்து, வெள்ளையர் பக்கத்திலேயே சுற்றித் திரும்பும் உங்கள் ஒழுக்கத்தைத் துய்ப்ளே உயிரோடிருந்தால் மெச்சியிருப்பார்.

உடைந்தவை கடலூர் சாலைப் பக்கம் இருக்கின்றன. சவானா மில், ரோடியர் மில் என்று ஊர் சொன்ன பஞ்சாலைகள். அவற்றின் சங்கொலிக்குத்தான் ஊர் எழுந்தது, உண்டது, உறங்கியது. 1936 ஜூலை 30 அன்று, வேலை நேரத்தைக் குறைக்கவும் சங்கம் வைக்கவும் போராடிய தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு அரசின் படை சுட்டது. 12 பேர் இறந்தார்கள். தொழிலாளர் தலைவர் வ. சுப்பையா அந்தப் போராட்டத்தைப் பாரீஸ் வரை கொண்டுபோனார். மறு ஆண்டே, 1937இல், எட்டு மணி நேர வேலை பிரெஞ்சிந்தியாவில் சட்டமானது. நீங்கள் வெள்ளிக்கிழமை மாலை வேலையை முடித்துக்கொண்டு வண்டி ஏறுகிறீர்களே, அந்த மாலை நேரத்துக்காக உயிர் கொடுத்தவர்களின் ஊர் இது. மில்கள் நலிந்து நலிந்து 2020இல் மூடப்பட்டன. பூட்டிய வாயிலில் மஞ்சள் சுவரும் இல்லை, காகிதப் பூவும் இல்லை. எனவே உங்கள் வண்டி படகுக் குழாம் நோக்கி அந்தச் சாலையில் விரைகிறது.

அதே சாலையில் அரியாங்குப்பத்தில் ஒரு திருப்பம் அரிக்கமேட்டுக்குப் போகிறது. 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானியரின் மது ஜாடிகளும் இத்தாலியில் வனைந்த மெருகு மட்கலமும் கிடைத்த இடம். கசால் அதன்பின் தோண்டினார். 1989க்குப் பிறகு விமலா பெக்லி தோண்டினார். கிரேக்க மாலுமியின் கையேடு பொதுகே என்று சொல்லும் துறைமுகம் இதுதான் என்பது அறிஞர்கள் பலரின் முடிவு. இங்கே கல்லிலும் கண்ணாடியிலும் மணி செய்தவர்கள் தமிழர்கள். அவர்கள் செய்த மணிகள் கடல் தாண்டித் தென்கிழக்கு ஆசியா வரை போயின. இன்று போனால் மாமரமும் தென்னையும் நிற்கும் தோப்பு. 18ஆம் நூற்றாண்டுப் பாதிரிமார் கட்டிய செங்கல் கட்டடத்தின் மிச்சமாகச் சில தூண்கள். காலடியில் ஓட்டுச் சில்லுகள். கீழே ஆறு சத்தமில்லாமல் கழிமுகத்துக்குப் போகிறது. நுழைவுச்சீட்டு வாங்க வரிசை இல்லை, வண்டி நிறுத்தச் சண்டை இல்லை. இவ்வளவு வசதி இருந்தும் நீங்கள் அங்கே போவதில்லை. ரோமானிய மது ஜாடி உடைந்த நிலையில் இருப்பதால் உங்களுக்கு அதில் ஈர்ப்பில்லை என்று நான் சொல்லமாட்டேன். இரண்டாயிரம் வருசம் மண்ணுக்குள் இருந்ததை மேலும் உறுத்தாமல் விடும் கருணை என்றே சொல்வேன்.

கடற்கரைக்கு வாருங்கள். செஞ்சியிலிருந்து கொண்டுவந்த கல்தூண்கள் காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றன. கீழே கருங்கற் குவியல். அதற்கு ராக் பீச் என்று பெயர் வைத்து, கல்மேல் கல்லாகத் தாவி அலை தெறிக்கும் நொடியில் படம் எடுக்கிறீர்கள். அங்கே மணல் இருந்தது. இந்தக் கடலில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1980களின் இறுதியில் தெற்கே துறைமுகத்துக்காகக் கடலுக்குள் நீட்டிய அலைத்தடுப்புச் சுவர் அந்த மணலை மறித்துக்கொண்டது. வடக்கே வர வேண்டிய மணல் வரவில்லை, இருந்ததைக் கடல் எடுத்துப் போனது. மிஞ்சிய கரையைக் காக்கக் கல்லைக் கொட்டினார்கள். கல் கொட்டாத வடக்கு மீனவர் கிராமங்களில் கடல் வீடுகளுக்குள் வந்தது. பிற்பாடு தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் செயற்கைத் தடுப்பு அமைத்ததில் கொஞ்சம் மணல் திரும்பியது. பழைய கடற்பாலத்தின் ஒரு பகுதியும் 2022 மார்ச்சில் அலைக்கு இடிந்து விழுந்தது. ஒரு காயத்தின் மேல் நின்று சிரித்த முகத்தோடு படம் எடுத்துக்கொள்ளும் துணிவு எல்லோருக்கும் வராது.

இந்தக் கரையிலிருந்துதான் கப்பல்கள் போயின. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் இங்கிருந்து அடிமைகளை மொரீசியசுக்கும் ரியூனியனுக்கும் ஏற்றினார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஒப்பந்தக் கூலிகள் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ரியூனியன், குவாதலூப், மார்த்தினீக் தீவுகளின் கரும்புக் காடுகளுக்குப் போனார்கள். பஞ்சத்தில் அடிபட்ட சுற்றுப்புற மாவட்டத்து மக்களைத் தரகர்கள் பேசிக் கூட்டிவந்தார்கள். நம் தென்னார்க்காட்டு வறண்ட நிலத்திலிருந்து பாண்டிக்கு நடந்து வந்தவர்களின் கண் இந்தக் கடலைப் பார்த்தது. பார்த்தவர்களில் பெரும்பாலோர் திரும்பவில்லை. இன்று அந்தத் தீவுகளில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர்கள் அவர்களின் பேரப்பிள்ளைகள். உங்கள் பயணம் அவர்களுடையதைவிடச் சிறந்தது. ஞாயிற்றுக்கிழமை இரவு வீட்டுக்கு வந்துவிடுகிறீர்கள்.

இனி, நான் மிகவும் வியக்கும் உங்கள் திறமைக்கு வருகிறேன்.

2024 ஜூன் 18 அன்று எங்கள் கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்தவர்கள் மறுநாள் விடியும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழத் தொடங்கினார்கள். காவல் நிலையமும் நீதிமன்றமும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் தெருக்கள் அவை. செத்தவர்கள் பெரும்பாலும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். மூட்டை தூக்குகிறவர்கள், பெயின்ட் அடிக்கிறவர்கள், துப்புரவு செய்கிறவர்கள். பெண்களும் உண்டு. 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தாயையும் தகப்பனையும் ஒன்றாக இழந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரே தெருவில் பந்தலுக்குப் பக்கத்தில் பந்தல் போட்டார்கள்.

சாராயத்தில் கலந்திருந்தது மெத்தனால். உடம்புக்குள் போனதும் அது ஃபார்மிக் அமிலமாக மாறுகிறது. அந்த அமிலம் முதலில் தாக்கும் இடங்களில் ஒன்று கண். பார்வை நரம்பு செத்துப்போகிறது. "கண்ணு மங்குது, ஒண்ணும் தெரியல" என்று சொல்லிக்கொண்டே மனிதர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். கள்ளக்குறிச்சியில் இடம் போதாமல் சேலத்துக்கும், விழுப்புரம் முண்டியம்பாக்கத்துக்கும், புதுச்சேரி ஜிப்மருக்கும் ஆம்புலன்சுகள் ஓடின. தியாகதுருகம், உளுந்தூர்பேட்டை, தென்பெண்ணைப் பாலம், விழுப்புரம். நீங்கள் கண் நிறையக் காட்சி தேடிப் போகும் அதே சாலையில், கண் போய்க்கொண்டிருந்தவர்கள் அதே ஊருக்குக் கொண்டுபோகப்பட்டார்கள்.

அந்த வாரத்தில் உங்கள் நீதியுணர்ச்சி பொங்கியது. இறந்தவர்களின் குடும்பத்துக்கு அரசு 10 லட்சம் ரூபாய் அறிவித்ததும், "குடிச்சுச் செத்தவனுக்கு என் வரிப்பணமா?" என்று கேட்டீர்கள். டீக்கடையில் கேட்டீர்கள், பேருந்தில் கேட்டீர்கள், பாண்டிக்குப் போகும் காருக்குள்ளும் கேட்டீர்கள். குளிர்பெட்டியில் ஐஸ் போட்டுக்கொண்டே கேட்டீர்கள். குடி ஓர் இடத்தில் குற்றமாகவும் இன்னோர் இடத்தில் கொண்டாட்டமாகவும் இருப்பது எதனால் என்ற கேள்வி உங்களை ஒருபோதும் குழப்பியதில்லை. காசு உள்ளவன் எல்லை தாண்டி, வரி குறைந்த கடையில், சீல் உடைக்காத பாட்டில் வாங்குகிறான். அன்றாடக் கூலியில் டாஸ்மாக் விலைகூடக் கட்டாதவன் தெரு முனையில் பாலித்தீன் பாக்கெட் வாங்குகிறான். முன்னவன் படத்துக்கு நூறு பேர் இதயம் போடுகிறார்கள். பின்னவன் பிணத்தின் முன்னால் கணக்குக் கேட்கிறார்கள். இவ்வளவு கூர்மையாகப் பிரித்துப் பார்க்கும் பார்வையை எந்த மெத்தனாலும் கெடுக்க முடியாது.

எங்கள் மாவட்டத்துக் கல்வராயன் மலையைப் பற்றியும் உங்களுக்கு ஒரு தீர்ப்பு உண்டு. "அங்கதான் சார் காய்ச்சுறானுங்க." மலையைக் காட்டி ஒரு கை நீட்டல், அவ்வளவுதான். ஜாகிர்தார்களின் பிடியிலிருந்து 1976இல்தான் அரசு நிர்வாகத்துக்குள் வந்த மலை அது. அங்கே மழைக்காலத்தில் சாலை இல்லாமல் நோயாளியைத் தொட்டில் கட்டித் தூக்கி வந்த கிராமங்கள் உண்டு. கருணாபுரத்துச் சாவுகளுக்குப் பிறகுதான் சென்னை உயர் நீதிமன்றம் மலைவாழ் மக்களின் நிலையைத் தானாக எடுத்து விசாரிக்க வேண்டி வந்தது. பெரியார் அருவிக்கு நீங்கள் போகிறீர்கள். அருவியும் படத்தில் நன்றாகவே விழுகிறது.

புகழ்ந்தது போதும். சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. வேகம் உண்டு, அடக்கம் உண்டு, பொறுமையும் தெளிவும் உண்டு. இவ்வளவு நல்ல குணங்களையும் பார்க்காமல் இருப்பதற்கே செலவழிக்கிறோம் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. நீங்கள் என்று சொன்னதெல்லாம் எங்கள் ஊர்க்காரர்களையும் சேர்த்துத்தான். தியாகதுருகத்தின் நிழலில் வளர்ந்த பிள்ளைகளே துய்மா வீதி மஞ்சள் சுவரைத்தான் பழமை என்று நம்புகிறார்கள். யாரோ வெளியார் வந்து பூசிக்கொடுத்தால்தான் நம் கண்ணுக்கு வரலாறு தெரிகிறது. உழைத்தவன் ரத்தம் சிந்திய இடம், கப்பலேறியவன் கடைசியாக நின்ற இடம், 178 பேர் கூடி ஒரு நாட்டைத் தேர்ந்தெடுத்த இடம் எல்லாம் நமக்கு வெறும் வழி.

புதுச்சேரிக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவசியம் போங்கள். அது பார்க்க வேண்டிய ஊர். பாரதி வாழ்ந்த வீடு இருக்கிறது, பாரதிதாசன் வீடு இருக்கிறது, வைசியாள் வீதியில் திண்ணையும் மரத்தூணும் வைத்த தமிழர் வீடுகள் செப்பனிடப்பட்டு நிற்கின்றன. போகும்போது தியாகதுருகத்தில் ஒரு மணி நேரம் இறங்கி மலையேறுங்கள். கீழூருக்குள் வண்டியைத் திருப்புங்கள். மில் வாசலில் இறங்கி, அந்த 12 பேர் எதற்காகச் செத்தார்கள் என்று பிள்ளையிடம் சொல்லுங்கள். அரிக்கமேட்டுத் தோப்பில் அரை நாள் உட்காருங்கள். சில்லைப் பொறுக்கிப் பையில் போடாமல் பாருங்கள். மஞ்சள் வாசலில் உட்காருமுன் உள்ளே இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கருணாபுரத்தைச் சுற்றிப் பார்க்க மட்டும் வராதீர்கள். அது காட்சி இல்லை, குடியிருப்பு. அங்கே பிள்ளைகள் பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். வழக்கை 2024 நவம்பரில் உயர் நீதிமன்றம் சிபிஐக்கு மாற்றியது. விற்றவர்களும், தெரிந்தே விட்டவர்களும் தண்டனை பெறுகிறார்களா என்று செய்தித்தாளில் தொடர்ந்து பாருங்கள். அந்தப் பார்வைதான் எங்களுக்கு வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை உங்கள் காருக்குள் யாராவது அந்தப் பத்து லட்சத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், "அவன் குடிச்சதும் நாம குடிக்கப் போறதும் ஒரே வியாபாரம்தான், காசுதான் வேற" என்று பின் இருக்கையில் இருக்கும் பிள்ளைக்குக் கேட்கும்படி ஒருவராவது சொல்லுங்கள்.